புரோட்டோகால்: முதல் ஏட்டுக்குப் பூசிய பசை

'மான்ட்ரியல் புரோட்டோகால்' என்பதைத் தமிழில் பலரும் 'மான்ட்ரியல் நெறிமுறை' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது உறுத்தும். நெறிமுறை என்றால் 'இப்படி நடந்துகொண்டால் நல்லது' என்கிற தொனிதான் காதில் விழுகிறது. 1987 செப்டம்பர் 16 அன்று கனடாவில் கையெழுத்தானதோ, ஓசோனைத் தின்னும் எந்த வேதிப்பொருளை எந்த ஆண்டுக்குள் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு நாடுகளைக் கட்டிப்போட்ட ஒப்பந்தம்.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. ப்ரோட்டோஸ் என்றால் முதல், கொல்லா என்றால் பசை. பாப்பிரஸ் தாள்களை ஒட்டிச் சுருளாக்குவார்கள் இல்லையா, அந்தச் சுருளின் முதல் தாள்தான் ப்ரோட்டோகொல்லோன். லத்தீனும் பிரெஞ்சும் தாண்டி வருவதற்குள் ஆவண வரைவு, பேச்சுவார்த்தைக் குறிப்பு, அரசுகளின் ஒப்பந்தம் என்று பொருள் நகர்ந்துவிட்டது. அமைச்சர் வந்தால் யார் எங்கே நிற்பது என்கிற புரோட்டோகாலும் கணினிகளின் புரோட்டோகாலும் இதே வேர்தான். முன்னதற்கு மரபொழுங்கு, பின்னதற்கு நெறிமுறை, சரி.

ஆனால் சர்வதேசச் சட்டத்தில் புரோட்டோகால் என்பது பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள ஓர் உடன்படிக்கையோடு ஒட்டுகிற துணை ஒப்பந்தம். பாருங்கள், பசை இன்னும் காயவில்லை! இங்கே அந்தத் தாய் உடன்படிக்கை 1985-இன் வியன்னா கன்வென்ஷன் (இலங்கைத் தமிழில் கன்வென்ஷனுக்குச் 'சமவாயம்' என்பார்கள், நல்ல சொல்). வியன்னாவில் ஆராய்ச்சியில் ஒத்துழைப்போம் என்றார்களே தவிர, எதை எவ்வளவு குறைப்பது என்று பேசவில்லை. அதே ஆண்டு மே மாதம், அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் மெலிந்துகிடப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அப்புறம் இரண்டே ஆண்டில் மான்ட்ரியல். வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு அவகாசம் கொடுத்தும் இந்தியா உடனே சேரவில்லை, மாற்றுத் தொழில்நுட்பத்துக்குப் பணம் யார் தருவது என்று கேட்டது, 1990-இல் லண்டனில் அதற்கென நிதியம் முடிவான பிறகு 1992-இல்தான் சேர்ந்தது. வெறும் நெறிமுறைக்கா இவ்வளவு பேரம்?

பழைய ஃப்ரிட்ஜில் ஓடிய, ஓசோனைத் தின்னும் ஆர்-12 கேஸ் போய், இன்று வாங்கும் ஃப்ரிட்ஜின் ஸ்டிக்கரில் ஓசோனைத் தொடாத ஆர்-600ஏ கேஸின் பெயர் இருப்பதன் பின்னால் அந்தக் கையெழுத்தும் இருக்கிறது.

அதனால் நான் 'மான்ட்ரியல் துணை உடன்படிக்கை' என்றே எழுதுகிறேன். நீளம்தான். 'துணை'யை வெட்டிவிடலாமே என்றால் அதிலும் சிக்கல்: 1999-இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கை என்று வேறொன்று இருக்கிறது, விமானத்தில் பெட்டி தொலைந்தால் இழப்பீடு கேட்க உதவுவது அது.