இல்லாத விண்டோஸில் ஓடும் விளையாட்டு

தடைக்காலம் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பதால் மண்டபத்தில் எல்லாப் படகும் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. முழுப் பரீட்சையும் முடிந்துவிட்டது. அக்கா மகன் திண்ணையில் ஸ்டீம் டெக்கோடு, அதாவது கையில் பிடித்து விளையாடும் கணினியோடு, உட்கார்ந்திருந்தான். மச்சான் துபாயிலிருந்து வரும்போது வாங்கிவந்தது.

"மாமா, இதுல இருக்கிறது விண்டோஸ் இல்ல, லினக்ஸ்தானே? அப்புறம் சி டிரைவ் எப்படி வந்துச்சு?"

விளையாட்டுத் திரையிலிருந்து டெஸ்க்டாப்புக்கு மாறி, ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்துகொண்டே போயிருக்கிறான். எட்டிப் பார்த்தேன். 'டிரைவ்_சி' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் 'விண்டோஸ்', அதற்குள் 'சிஸ்டம்32'. விண்டோஸ் கணினியில் இருப்பதெல்லாம் அப்படியே இருந்தது, விண்டோஸ் மட்டும் இல்லை. அவன் ஏற்றிவைத்திருந்த ஒவ்வொரு விளையாட்டுக்கும் இப்படித் தனித்தனியாக ஒரு சி டிரைவ்.

அவன் கேட்ட கேள்விக்குள்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டு லினக்ஸில் ஓடுகிறது என்றால், அதை யாரோ லினக்ஸுக்காகத் திருப்பி எழுதிவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். யாரும் எழுதவில்லை. பெரும்பாலான விளையாட்டுகளில் ஒரு வரிகூட மாறுவதில்லை.

விளையாட்டின் பெரும்பகுதி வெறும் கணக்கு. குண்டு எந்தப் பக்கம் போகிறது, கார் எவ்வளவு திரும்புகிறது என்ற கணக்கைப் போடுவது பிராசஸர். ஸ்டீம் டெக்கில் இருப்பதும் சாதாரண விண்டோஸ் மடிக்கணினியில் இருக்கும் அதே எக்ஸ்86 வகைதான். ஆகவே கணக்குக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம், நேராக ஓடும். சிக்கல் வருவது விளையாட்டு எதையாவது கேட்கும்போது: இந்தக் கோப்பைத் திற, ஒலியை எழுப்பு, எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்று சொல். இதையெல்லாம் விண்டோஸ் கேட்கும் படிவத்தில்தான் விளையாட்டு எழுதி நீட்டும். லினக்ஸுக்கு அந்தப் படிவம் தெரியாது.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நாம் நம் பேச்சில் சொல்வதை அவர்கள் அலுவலகம் ஏற்றுக்கொள்ளும் நடையில் எழுதித் தருவார்கள். அந்த வேலையைத்தான் 'வைன்' என்ற நிரல் செய்கிறது. மருமகன் பார்த்த சி டிரைவும் அது போட்டுவைத்ததுதான். 1993-இல் தொடங்கிய திட்டம், இன்றுவரை நடக்கிறது. விண்டோஸின் மூல நிரலைப் பார்க்காமலேயே, அது ஒவ்வொரு கேள்விக்கும் என்ன பதில் சொல்லும் என்பதைச் சோதித்துச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். முப்பது ஆண்டுக்கு மேலான இந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

எவ்வளவு சின்ன விஷயம் வரைக்கும் போகவேண்டியிருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து உண்டு. தமிழில் அந்தத் தொல்லை இல்லை. கோப்பின் பெயரில் விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸுக்கோ பெரிய எழுத்தில் எழுதிய பெயர் ஒரு கோப்பு, சின்ன எழுத்தில் எழுதியது வேறு கோப்பு. விளையாட்டு எழுதியவர் ஓரிடத்தில் அப்படியும் இன்னோரிடத்தில் இப்படியும் எழுதியிருந்தால், கண்முன் இருக்கும் கோப்பையே 'இல்லை' என்றுவிடும். வைன் ஃபோல்டர் முழுவதையும் துழாவித்தான் அதைக் கண்டுபிடிக்கும். ஆயிரக்கணக்கான கோப்பு என்றால் நேரம் போகுமல்லவா? அதனால் 2019-இல் வந்த லினக்ஸ் 5.2-இல், கோப்புகளை வைத்திருக்கும் அமைப்பே எழுத்து வேறுபாட்டைப் பார்க்காமல் இருக்க வழி செய்தார்கள்.

சரி, படத்துக்கு வருவோம். விண்டோஸ் விளையாட்டுகள் பெரும்பாலும் 'டைரக்ட்எக்ஸ்' மூலம்தான் கிராஃபிக்ஸ் சிப்போடு பேசும். லினக்ஸில் அது இல்லை. அதே வேலைக்கு 2016-இல் வந்த 'வல்கன்' இருக்கிறது. டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை ஓட ஓட வல்கனுக்கு மாற்றித் தருவது 'டிஎக்ஸ்விகே'. வைனையும் இதையும் இன்னும் சிலவற்றையும் கட்டி ஒரே மூட்டையாக, பின்னாளில் ஸ்டீம் டெக்கைச் செய்த வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்டதுதான் 'புரோட்டான்'. ஸ்டீம் டெக் வந்தது அதற்கு நான்கு ஆண்டு கழித்து, 2022-இல். நம் ஊரில் அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் இருந்தது நினைவிருக்கலாம். அந்த நாளில் லினக்ஸில் விளையாட்டு என்றால் சீட்டுக்கட்டும் சதுரங்கமும்தான்.

படத்தில் ஒரு முடிச்சு உண்டு. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்று கணக்கிடும் சின்ன நிரல்களுக்கு ஷேடர் என்று பெயர். அது உங்கள் சிப்புக்குப் புரியும் வடிவத்துக்கு மாறினால்தான் வேலை செய்யும். தண்ணீர் முதல்முறை திரையில் வரும்போது தண்ணீருக்கான ஷேடரை அப்போதுதான் மாற்றினால், படம் கண நேரம் திக்கி நிற்கும். கணினிக்குக் கணினி சிப் வேறு என்பதால் இதை முன்கூட்டியே செய்துவைப்பது கடினம். ஆனால் ஸ்டீம் டெக் எல்லாவற்றிலும் ஒரே குடும்பத்து ஏஎம்டி சிப். ஒரு முறை மாற்றியதை எல்லாருக்கும் அனுப்பலாம். விளையாட்டோடு சேர்த்து ஷேடரும் தனியாக இறங்குகிறதே, அது இதுதான். தரவிறக்கம் கூடுதலாகிறது என்று மருமகன் அதை நிறுத்திவைத்திருந்தான். திரும்பப் போடச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. பேட்டரியில் பாதிக்கும் கீழேதான் இருந்தது. வலது கைப்பக்கம் மூன்று புள்ளி போட்ட பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தி, சிப்புக்கான உச்சவரம்பை 15 வாட்டிலிருந்து 8 வாட்டுக்கு இறக்கினேன். அவனிடம் இருப்பது பழைய எல்சிடி மாடல், 40 வாட்-மணி பேட்டரி. மொத்தமாக 20 வாட் குடித்தால் முழு பேட்டரியும் இரண்டு மணி நேரம்தான். 10 வாட் என்றால் நான்கு.

"பாதியாக் குறைச்சா படமும் பாதியாயிடாதா மாமா?"

ஆகாது. விசைப்படகு ஓட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முழு ரேஸில் வந்தால் டீசல் பறக்கும். ரேஸைக் கொஞ்சம் தணித்தால் கரை சேர கால் மணி நேரம் கூடும், டீசலோ நிறைய மிச்சமாகும். வேகம் இரண்டு மடங்கு வேண்டுமென்றால், தண்ணீரின் தடையை மீற எஞ்சின் தோராயமாக எட்டு மடங்கு சக்தி தரவேண்டும். சிப்பிலும் ஏறக்குறைய இதே கதை. வேகமாக ஓட வோல்டேஜைக் கூட்ட வேண்டும். வோல்டேஜ் இரண்டு மடங்கானால் அதற்கான செலவு மட்டும் நான்கு மடங்கு, அதன்மேல் வேகத்தின் செலவு தனி. ஆக, கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் பேட்டரியின் பெரும்பங்கு போகிறது.

கூடவே திரையை நொடிக்கு 40 படம் என்று வைத்தேன். 60 படம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிநொடி, 30 என்றால் 33.3. நாற்பதுக்கு 25 மில்லிநொடி, இரண்டுக்கும் சரியாக நடுவில். எண்ணிக்கையில் 30-க்குப் பக்கமாகத் தெரிந்தாலும் கைக்கு அது 60-ஐ நோக்கிப் பாதி வழி வந்துவிடும். ஓட்டிப் பார்த்துவிட்டு, "வித்தியாசமே தெரியல" என்றான்.

ஒன்று மட்டும் நடக்கவில்லை. பள்ளி நண்பர்களோடு வாலரன்ட் ஆடவேண்டும் என்பது அவனுடைய ஆசை. அந்த விளையாட்டின் ஏமாற்றுத் தடுப்பு நிரல் விண்டோஸின் கெர்னலுக்குள்ளேயே, அதாவது அதன் உள்மையத்துக்குள்ளேயே, உட்கார்ந்து வேலை செய்வது. மனு எழுதுபவர் வாசலில்தான் இருக்கமுடியும். ஆவண அறைக்குள் நுழைந்து ஒவ்வொரு கட்டையும் பார்ப்பேன் என்று ஒருவர் கேட்டால், அதை மனுவாக எழுதித் தர முடியாது. வேறு சில தடுப்பு நிரல்கள் 2021 முதல் புரோட்டானோடு ஒத்துப்போகின்றன. ஆனால் அந்தந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் மனது வைத்து அதை இயக்கிவிட வேண்டும். இதைச் சொன்னதும் அவன் முகம் வாடிப்போனது. அப்புறம் கார் விளையாட்டைத் திறந்தான். கரண்ட் வரும்வரை ஓட்டினான். அப்போது பேட்டரியில் 11 சதவீதம் இருந்தது.