வீடு வரை வரும் பீப் சத்தம்

பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் முதல் நாள் வரும் அப்பாவும் அம்மாவும் குழந்தையைத்தான் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் கவனித்தால் அவர்கள் கண் தலைமாட்டில் இருக்கும் மானிட்டர் மேல் இருக்கும். 92, 94, 91 என்று ஏறி இறங்கும் எண் ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனின் கணக்கு. குழந்தையின் பாதத்தில் சுற்றி, சிவப்பாக ஒளிரும் பல்ஸ் ஆக்சிமீட்டர் அதை அளக்கிறது. பல கருவிகளில் ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் ஒரு பீப் கேட்கும். ஆக்சிஜன் குறையக் குறைய அந்த பீப்பின் சுருதியும் இறங்கும். டாக்டர் வேறு குழந்தையிடம் நின்றாலும் காதாலேயே தெரிந்துகொள்ளட்டும் என்று செய்த ஏற்பாடு. யாரும் சொல்லித்தராமலே அந்தக் காது பெற்றோருக்கும் வந்துவிடுகிறது.

குழந்தை தேறி வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் காது ஓய்வதில்லை என்பதுதான் சிக்கல். ஏடிஎம்மில் யாரோ பட்டன் அழுத்தும் சத்தமோ, மைக்ரோவேவ் நிற்கும் சத்தமோ போதும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், ஒரு நொடி மறுபடியும் அந்த மானிட்டருக்குப் பக்கத்தில் நிற்பார்கள்.

இது ஏன் நடக்கிறது? குறைமாசக் குழந்தையின் மூளையில் மூச்சைக் கட்டுப்படுத்தும் பகுதி இன்னும் முதிர்ந்திருக்காது. அதனால் திடீரென்று இருபது நொடிக்கு மேல் மூச்சு நிற்கும், இதயத் துடிப்பும் இறங்கும். கர்ப்பத்தின் 28 வாரம் முடியும் முன்பே பிறந்த குழந்தைகளில் கிட்டத்தட்ட எல்லோருக்குமே இது வரும். நர்ஸ் பாதத்தை லேசாகத் தட்டுவார், மூச்சு திரும்பும். இதைக் குறைக்கக் கொடுக்கும் மருந்து காபியில் இருக்கும் அதே காஃபீன்தான். நர்ஸுக்கு அது அந்த ஷிப்டின் ஏழாவது அலாரம், பல அலாரங்கள் சென்சார் நழுவியதால் வருபவை என்றும் அவருக்குத் தெரியும். அம்மாவுக்கோ ஒவ்வொரு அலாரத்திலும் குழந்தை ஒருமுறை செத்துப் பிழைக்கிறது.

மூளையில் அமிக்டலா என்று பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி உண்டு. எது ஆபத்தோடு சேர்ந்து வந்தது என்பதைப் பதிந்துகொள்வது அதன் வேலை. சத்தம், வாசனை, வெளிச்சம் எல்லாம் அதில் சேரும். அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஹிப்போகாம்பஸ், நடந்ததற்கு இடமும் தேதியும் குறித்துக் கோப்பில் சேர்க்கிறது. பயம் உச்சத்தில் இருக்கும்போது முதல் வேலை ரொம்பக் கச்சிதமாக நடக்கும், இரண்டாவது வேலை சொதப்பும். 2000-ல் ஆங்கே எலர்ஸ், டேவிட் கிளார்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் முன்வைத்த விளக்கம் கிட்டத்தட்ட இதுதான்: தேதி போடாத நினைவு ‘அன்றைக்கு நடந்தது’ என்று வராது, ‘இப்போது நடக்கிறது’ என்று வரும். கைக்குத் தேய்க்கும் சானிடைசர் வாசனையில் தலை சுற்றுவதாகச் சொல்லும் அம்மாக்கள் உண்டு. கொரோனாவுக்குப் பிறகு அந்த வாசனை இல்லாத இடம் ஏது?

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, சுருக்கமாக பி.டி.எஸ்.டி., 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இடம்பிடித்தபோது எல்லோர் மனதிலும் இருந்தது வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்தான். பிரசவ வார்டு அல்ல. வேண்டாத நினைவு திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, மனம் மரத்துப்போவது, எப்போதும் உஷாராக இருப்பது எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அந்தப் பெயர். பிலடெல்பியாவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், குழந்தை சேர்ந்த முதல் சில நாட்களில் அம்மாக்களில் 35 சதவீதம் பேருக்கும் அப்பாக்களில் 24 சதவீதம் பேருக்கும் கடும் மன அழுத்தக் கோளாறு, அதாவது அதிர்ச்சிக்குப் பிறகு முதல் மாதத்துக்குள் இதே மாதிரி அறிகுறிகளோடு வருவது, இருந்தது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது 15 சதவீத அம்மாக்களுக்கும் 8 சதவீத அப்பாக்களுக்கும் பி.டி.எஸ்.டி. ஆக நின்றுவிட்டிருந்தது. அதாவது பாதிக்கு மேல் தானாகவே தேறிவிடுகிறார்கள். சரி, மற்றவர்களை முன்கூட்டியே அடையாளம் காண முடியுமா?

முதலில் தோன்றுவது எடை. 900 கிராமில் பிறந்த குழந்தையின் அம்மா, 2 கிலோவில் பிறந்த குழந்தையின் அம்மாவைவிட அதிகம் உடைந்திருப்பார் என்று நினைப்போம். ஆய்வுகள் இதில் ஒத்துப்போவதில்லை. சிலவற்றில் குழந்தையின் எடைக்கும் பிறந்த கர்ப்ப வாரத்துக்கும் பெற்றோரின் பாதிப்போடு தொடர்பு தெரிகிறது, சிலவற்றில் இல்லவே இல்லை. அதைவிட அதிகம் பேசுவது, குழந்தை பிழைக்காது என்று பெற்றோர் எந்த அளவுக்கு நம்பினார்கள் என்பதுதான். கேஸ் ஷீட்டில் ‘நிலை சீராக உள்ளது’ என்று எழுதியிருக்கலாம். வராந்தாவில் யாரோ போகிற போக்கில் ‘இந்த ராத்திரி தாண்டட்டும், பார்க்கலாம்’ என்று சொல்லியிருந்தால் மனதில் பதிவது அதுதான்.

அடுத்தது பிரசவம். ரத்த அழுத்தம் எகிறி, வலிப்பு வருமோ என்று பயந்து, அவசரமாக சிசேரியன் செய்திருந்தால் அம்மாவின் உயிரும் தராசில் இருந்திருக்கிறது. அப்புறம் குழந்தை ஓர் ஆஸ்பத்திரிக்கும் தாய் இன்னொன்றுக்கும் பிரிவது நம் ஊரில் சகஜம். தையல் போட்ட வயிற்றோடு, கணவரின் போனில் ஒரு போட்டோவாகத்தான் பிள்ளையை முதன்முதலில் பார்க்கிறார் அவர்.

முன்பே மனச்சோர்வோ பதற்றமோ இருந்தவர்கள், முந்தைய கர்ப்பத்தை இழந்தவர்கள், வேறு அதிர்ச்சிகளைக் கடந்தவர்கள், ஆபத்தின்போது ‘இது எனக்கு நடக்கவில்லை, யாருக்கோ நடக்கிறது’ என்று மரத்துப்போனவர்கள் எல்லோருக்கும் ஆபத்து கூடுதல். ஆதரவு இல்லாமை இன்னொரு பெரிய காரணம். ஆனால் நம் வீடுகளில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை, வாய்க்குத்தான் கட்டுப்பாடு இல்லை. ‘பப்பாளி சாப்பிட்டியா?’ என்று ஒருவர் விசாரிப்பார். ‘ஏழு மாசத்துல பொறந்தா தங்கும், எட்டு மாசம்னா கஷ்டம்’ என்பார் இன்னொருவர். இது தப்பு. வயிற்றுக்குள் இருக்கும் ஒவ்வொரு கூடுதல் வாரமும் நுரையீரலுக்கு லாபம்தான். கிரேக்கர் காலத்திலிருந்து உலகம் முழுக்கச் சுற்றும் கதை இது, எட்டாம் மாதம் பெற்றவளின் காதில் வந்து விழுகிறது.

என் கணக்கில் இத்தனைக்கும் மேலான காரணம் வேறு. 1990-களில் அமெரிக்கத் தாதியியல் பேராசிரியர் மார்கரெட் மைல்ஸ், தீவிர சிகிச்சைப் பிரிவில் பெற்றோரை எது அதிகம் வாட்டுகிறது என்று அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். கருவிகளின் சத்தம், குழந்தையின் தோற்றம், குழாய்கள், அம்மா அப்பா என்ற இடத்தை இழப்பது என்று பிரித்துப் பிரித்துக் கேட்டார்கள். பல நாடுகளில் மறுபடி மறுபடி முதலிடத்துக்கு வந்தது கடைசியாகச் சொன்னதுதான். தன் பிள்ளையைத் தொட அனுமதி கேட்க வேண்டும், டயபரை இன்னொருவர் மாற்றுகிறார், பால் சிரிஞ்சில் போகிறது. பயத்தை மூளை தாங்கிக்கொள்ள வேண்டுமானால் கைக்கு ஏதாவது வேலை இருக்க வேண்டும். இங்கே கை சும்மா இருக்கிறது.

இதில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது, சரியாக வராத அம்மா. தினமும் இரண்டு வேளை வரச் சொன்னால் மூன்று நாளைக்கு ஒருமுறை வருவார். வந்தாலும் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார். ‘பாசமே இல்லை’ என்று வார்டில் பேசிக்கொள்வார்கள். மேலே சொன்ன ‘தவிர்ப்பது’ என்ற அறிகுறிக்கு உருவம் கொடுத்தால் அது இவர்தான். அளவுக்கு மீறிப் பயப்படுவதால்தான் வரமாட்டேன் என்கிறார்.

அப்பாக்களின் கதை தனி. ஸ்டான்போர்டில் ரிச்சர்ட் ஷாவின் குழு 2009-ல் வெளியிட்ட சிறிய ஆய்வில், நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது அப்பாக்களில் 33 சதவீதம் பேருக்கும் அம்மாக்களில் 9 சதவீதம் பேருக்கும் பி.டி.எஸ்.டி. இருந்தது. மொத்தமே 18 பேர்தான், அதனால் அந்த எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அப்பாக்களுக்குத் தாமதமாக வருகிறது என்பது யோசிக்க வைக்கிறது. ரத்த வங்கி, மருந்துக் கடை, காப்பீட்டு அட்டை, பில் கவுண்டர் என்று ஓடும் வரை அவர்களுக்குப் பயப்பட நேரமில்லை. எல்லாம் முடிந்து வீடு அமைதியான பிறகு, அந்தப் பயம் நிதானமாக வந்து உட்கார்கிறது. அப்போது அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

குழந்தைக்கும் இதில் பங்கு உண்டு. சுவிட்சர்லாந்தின் லொசானில் நடந்த ஓர் ஆய்வில், பெற்றோரின் அதிர்ச்சி அறிகுறிகள் கூடுதலாக இருந்த வீடுகளில் ஒன்றரை வயதுப் பிள்ளைகளுக்குத் தூக்கத்திலும் சாப்பாட்டிலும் தகராறு அதிகம் இருந்தது.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. ஜெர்மனியில் குறைமாதப் பிரசவமான சில நாட்களுக்குள் உளவியலாளர் ஒருவர் தாயோடு உட்கார்ந்து, நடந்ததை வரிசையாகப் பேசவைத்தார், தேவைப்பட்டால் மறுபடியும் பேசினார். 2005-ல் வெளியான அந்த ஆய்வில், வீட்டுக்குப் போகும்போது பேசிய 25 தாய்களில் 9 பேருக்கும் பேசாத 25 பேரில் 19 பேருக்கும் கடுமையான அதிர்ச்சி அறிகுறிகள் இருந்தன. தேதி போடாத நினைவுக்குத் தேதி போடும் வேலை அது.

சும்மா இருக்கும் கைக்கு வேலை கொடுப்பது இன்னொரு வழி. இன்குபேட்டர் போதாமல் 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே தொடங்கிய கங்காரு பராமரிப்பு, குழந்தையை வெற்று மார்பில் ஒட்டி வைத்துக்கொள்வது, அதைத்தான் செய்கிறது. இந்தியாவிலும் குடும்பத்தாரை உள்ளே விட்டுப் பராமரிப்பில் சேர்க்கச் சொல்லும் வழிகாட்டி 2017-ல் வந்தது. எல்லா வார்டுக் கதவுக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டதா என்பது வேறு கேள்வி.

வீட்டுக்குப் போகும் நாள் நெருங்கும்போது அனுபவப்பட்ட நர்ஸ் ஒருவர் மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார். ‘பெட்டியைப் பாக்காதீங்கம்மா, பிள்ளையைப் பாருங்க’ என்பார். உதடு என்ன நிறத்தில் இருக்கிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறதா, விரலைப் பிடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார். எண் இல்லாமல் பார்க்க முதல் நாள் கை நடுங்கும்.