பாடகி, பாடலாசிரியர்: நடுவில் மெட்டு எங்கே?

லாசா தெ செலாவைப் பற்றித் தமிழில் ஒரு குறிப்பு படித்தேன். 'பாடகி மற்றும் பாடலாசிரியர்' என்று இருந்தது. சிங்கர்-சாங்ரைட்டர், அதாவது வரியும் மெட்டும் தானே கட்டிப் பாடுபவர், என்று யாரைச் சொன்னாலும் நம்மவர்கள் இதையே எழுதுகிறார்கள். இனியும் பொறுக்க முடியவில்லை.

சொல்லின் கதை சின்னது. ஆங்கிலம் பாடுபவரையும் பாட்டு எழுதுபவரையும் கோடு போட்டு ஒட்டியது. ஸ்பானியம் இரண்டையும் உருக்கி, பெண்ணென்றால் 'கன்தவுதோரா' என்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் எழுதுபவர், மெட்டமைப்பவர், பாடுபவர் என மூன்றையும் அடுக்குவார்கள். லாசாவுக்கு இந்த மூன்று மொழியும் சொந்தம். தந்தை மெக்சிகோக்காரர், தாய் அமெரிக்கர். பிறந்தது 1972இல், நியூயார்க் மாநிலத்தில். வீடாக மாற்றிய பள்ளிப் பேருந்தில் இரு நாடுகளிலும் சுற்றி வளர்ந்து, கனடாவின் மொந்ரியாலில் பாடத் தொடங்கினார். 1997இல் வந்த முதல் தொகுப்பு ஸ்பானியம். 2003இல் வந்ததில் மூன்று மொழியும் உண்டு. 2010 புத்தாண்டு நாளில் புற்றுநோயால் இறந்தபோது வயது 37தான்.

சரி, பாடலாசிரியர் என்றால் நமக்கு யார் நினைவுக்கு வருகிறார்? இசையமைப்பாளர் கொடுத்த மெட்டுக்கு வரி எழுதுபவர். சினிமா அந்தச் சொல்லை அப்படிப் பழக்கிவிட்டது. லாசாவைப் பாடலாசிரியர் என்றதும், மெட்டு வேறு யாரோ போட்டார்கள் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். முதல் தொகுப்பில் கிதார் கலைஞர் இவ் தெரோசியேவோடு சேர்ந்து அவர் இசையும் அமைத்தார். அந்த உழைப்பு முழுக்க மறைந்துபோகிறது.

'பாணர்' என்று எழுதலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். அழகான சொல்தான், ஆனால் ஒப்ப முடியாது. பாணர் ஒரு குடி. யாழோடு ஊர் ஊராகப் போனவர்கள். 'சிறுபாணாற்றுப்படை' பாணன் பேசுவதுபோல் இருந்தாலும், அதை எழுதியவர் நல்லூர் நத்தத்தனார் என்ற புலவர். பாடுவது ஒருவர், இயற்றுவது இன்னொருவர் என்ற பிரிவு அங்கேயே இருக்கிறது. பெண் என்பதால் 'பாடினி' என்றாலும் இதே சிக்கல். பழஞ்சொல் என்பதற்காக மட்டும் ஒன்றை எடுத்து ஒட்டவைப்பது தூய தமிழ் ஆகாது. 'வாக்கேயக்காரர்' பொருளில் கச்சிதம்: வாக்கும் இசையும் ஒருவரே செய்வது. ஆனால் அது வடசொல். கேட்டதும் கீர்த்தனைதான் நினைவுக்கு வரும்.

நம் ஊர்களில் 'பாட்டுக் கட்டுவது' என்கிறோமே, அது போதாதா? நடவு வயலில் ஒருத்தி பாட்டுக் கட்டினால் வார்த்தையும் மெட்டும் ஒன்றாகத்தான் பிறக்கும். மெட்டைத் தனியே சொல்ல மெட்டுக் கட்டுவது என்று வேறு சொல் இருக்கிறது. அந்தக் குறிப்பை நான் இப்படி எழுதியிருப்பேன்: லாசா தெ செலா, மூன்று மொழிகளில் பாட்டுக் கட்டிப் பாடியவர்.