நாய் அசையாமல் நின்றால்

குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழியை நம்பிக் கையை நீட்ட வேண்டாம். குரைக்கிற நாயும் கடிக்கும். ஆனால் குரைத்துக்கொண்டிருக்கும்வரை அது "விலகிப் போ" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. விலகுவதற்கு நமக்கு நேரமும் இருக்கிறது. அந்தக் குரைப்பு சட்டென்று நின்று, வாய் மூடி, உடம்பு விறைத்து, பார்வை ஒரே இடத்தில் குத்தி நிற்கும் நொடிதான் அஞ்ச வேண்டியது. சத்தத்துக்குப் பயந்து ஓடுகிறவர்கள், நாய் அடங்கிவிட்டது என்று நினைத்து அந்த நொடியில்தான் ஓர் அடி முன்னே வைக்கிறார்கள்.

மலேசியாவில் சுங்கை சிப்புட், லூனாஸ் போன்ற தோட்டப்புற ஊர்களில் இந்த அறிவு அன்றாடத் தேவை. பால்மரம் என்ற ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், தோட்டங்கள் கைமாறியதும், லயத்துக் குடும்பங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. நாய்கள் பலவும் பின்தங்கிவிட்டன. இன்று ஒரே சாலையில் கேட்டுக்குள் வளரும் வீட்டு நாய், சங்கிலியில் கிடக்கும் காவல் நாய், செம்பனை வரிசைக்குள் பிறந்து மனிதக் கை படாமலே வளர்ந்த நாய் என எல்லாம் எதிர்ப்படும். தோற்றத்தில் மூன்றும் ஒன்றுபோல் இருக்கலாம், மூளை வளர்ந்த விதம் வேறு. குட்டிக்கு ஏறத்தாழ மூன்றாவது வாரம் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்கு வாரம்வரை, எது பயமற்றது என்று மூளை பதிவுசெய்யும் பருவம். அந்தக் காலத்தில் மனிதரோடு பழகாத குட்டி, பெரிதான பிறகு சோறு போடுகிறவரைக்கூடத் தூரத்தில் நின்றே பார்க்கும். அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்வது தவறு. அது பயம்.

கடிகளில் பெரும்பங்கு பயத்திலிருந்தே பிறக்கிறது. ஆபத்து என்று மூளையின் அமிக்டலா பகுதி உணர்ந்ததும், உடம்பை அவசரத்துக்குத் தயாராக்கும் பரிவு நரம்பு மண்டலம் முடுக்கிவிடப்படுகிறது. அட்ரினலின் பாய்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, கண்பாவை விரிகிறது, ரத்தம் தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. மயிர்க்கால்களில் உள்ள நுண்தசைகள் சுருங்கிப் பிடரி மயிர் நட்டுக்கொள்கிறது. இது நாய் விரும்பிச் செய்வதல்ல, நமக்கு மயிர் கூச்செறிவதைப் போலத் தானாக நடப்பது. ஆகவே நட்டுக்கொண்ட மயிரைக் கண்டால் நாயின் கிளர்ச்சி உச்சத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். கோபமா, பயமா, விளையாட்டு மும்முரமா என்பதை மற்ற உறுப்புகளைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இந்த நிலையில் நாயின் முதல் தெரிவு பெரும்பாலும் ஓடிவிடுவதுதான். ஓட வழியில்லாதபோதுதான் பல் வேலைக்கு வருகிறது. சங்கிலியில் கட்டிய நாய், இரண்டு சுவருக்கிடையே மாட்டிக்கொண்ட நாய், கட்டிலுக்கடியில் ஒண்டிய நாய், குட்டிகளை விட்டு நகர முடியாத தாய் ஆகியவை அதனால்தான் அதிகம் கடிக்கின்றன. சங்கிலியில் இருக்கிறதே, பாதுகாப்புதான் என்று அருகே போகிறவர்கள், அதன் தப்பும் வழியை அடைத்துவிட்டோம் என்பதை யோசிப்பதில்லை.

கடிக்கு முன்னால் வரும் சைகைகளை ஒரு பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் ஏணிப்படிகளாக அடுக்கிக் காட்டியிருக்கிறார். கீழ்ப்படிகளை நாம் கவனிப்பதே இல்லை. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடும். தின்பண்டம் எதுவும் இல்லாமலே மூக்கு நுனியை நக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ஆனால் கண் மட்டும் நம்மீது இருக்கும். அப்போது கண்ணோரத்தில் பிறைபோல் வெள்ளை தெரியும். ஒரு முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொள்ளும். காதைப் பின்னுக்கு மடிக்கும், உடம்பைத் தாழ்த்தும், மெல்ல நகர்ந்துபோகும். இவை எல்லாம் "எனக்குச் சங்கடமாக இருக்கிறது" என்ற வேண்டுகோள். அதை நாம் மதிக்காதபோதுதான் மேல்படிகள் வருகின்றன: விறைத்து நிற்றல், உறுமல், பல் காட்டல், காற்றைக் கடித்தல், கடி.

ஒவ்வொரு நாயும் எல்லாப் படியும் ஏறும் என்று கணக்குப் போட வேண்டாம். உறுமும்போதெல்லாம் அடி வாங்கிய நாய், உறுமலை விட்டுவிடும்; பயமோ கோபமோ விடாது. முன்னறிவிப்பில்லாமல் கடித்தது என்று சொல்லப்படும் நாய்களில் பல, அறிவித்ததற்காக முன்பு தண்டிக்கப்பட்டவை. வீட்டு நாய் உறுமினால் அதட்டாதீர்கள். எதற்கு உறுமுகிறது என்று பார்த்து அதை விலக்குங்கள். சோற்றுத் தட்டா, பிள்ளையின் கையா, வலிக்கிற இடுப்பா என்பதுதான் கேள்வி. முக்கியமாக வலி. வயதான நாய் திடீரென்று முசுடாகிவிட்டால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

வாலைத்தான் மக்கள் அதிகம் நம்புகிறார்கள், அதுதான் அதிகம் ஏமாற்றுகிறது. வால் ஆட்டுவது கிளர்ச்சியின் அடையாளம், சிநேகத்தின் உத்தரவாதம் அல்ல. வால் நடு உயரத்தில் தளர்ந்து, இடுப்பும் சேர்ந்து அகலமாக ஆடினால் பெரும்பாலும் நட்பு. உயர்த்தி விறைத்த வாலின் நுனி மட்டும் சிறு சிறு வேகத் துடிப்பாக ஆடினால் விலகி நிற்க வேண்டும். நம் ஊர் நாய்கள் பலவற்றுக்கு வால் பிறவியிலேயே மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். அதனால் வால் எங்கே நிற்கிறது என்பதைவிட, அதன் வழக்கமான இடத்திலிருந்து ஏறியதா இறங்கியதா என்று பார்ப்பதே சரி. 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 30 நாய்களைப் படம்பிடித்து அளந்தபோது, உரிமையாளரைக் கண்டால் வால் நாயின் வலப்பக்கம் கூடுதலாகவும், ஆதிக்கம் காட்டும் அறிமுகமற்ற நாயைக் கண்டால் இடப்பக்கம் கூடுதலாகவும் சாய்வதைக் கண்டார்கள். மூளையின் இரு பாதிகளும் வெவ்வேறு உணர்ச்சிகளைக் கையாள்வதே காரணம் என்பது அவர்கள் விளக்கம். சுவையான கண்டுபிடிப்பு, ஆனால் தெருவில் நின்று இந்த வேறுபாட்டைக் கண்ணால் பிடிக்க முடியாது.

வாயைப் பாருங்கள், அது வாலைவிட நம்பத்தக்கது. நம் வெயிலில் எல்லா நாயும் மூச்சிரைக்கும். உஷ்ணத்தால் இரைக்கும் நாய்க்கு நாக்கு அகன்று தொங்கும், முகம் தளர்ந்திருக்கும். பதற்றத்தால் இரைக்கும் நாய்க்கு வாயின் ஓரங்கள் பின்னுக்கு இழுபட்டு, நெற்றியிலும் கன்னத்திலும் மடிப்பு விழும். நிழலில் நின்றாலும் இரைப்பு நிற்காது. பல் காட்டும்போதும் வேறுபாடு உண்டு. உதடு முன்னுக்குக் குவிந்து முன்பற்கள் மட்டும் தெரிந்து, எடை முன்னங்காலில் சாய்ந்திருந்தால் அது முன்னேறி வரத் தயார். உதட்டோரம் காதுப் பக்கம் இழுபட்டுக் கடைவாய்ப்பல்வரை தெரிந்து, எடை பின்னங்காலில் இருந்தால் அது பயந்த நாய். பயந்த நாயும் கடிக்கும், ஆனால் நாம் விலகினால் பெரும்பாலும் பின்தொடராது. ஆனாலும் சில வேளை நீங்கள் முதுகு காட்டும் தருணத்துக்காக அது காத்திருக்கக்கூடும். ஆகவே பக்கவாட்டில் நடந்தே விலகுங்கள்.

விடியாத நேரத்தில் தலைவிளக்கோடு பால் வெட்டப் போகிறவரை நாயின் கண்ணால் பாருங்கள். முகம் தெரியாது, கண் கூசும் வெளிச்சம் ஒன்று நேரே நெருங்குகிறது. நாய் குரைப்பது இயல்பே. விளக்கைத் தரைக்குத் தாழ்த்தி, நேர்க்கோட்டில் நெருங்காமல் வளைந்து நடந்து, சாதாரணக் குரலில் ஏதாவது பேசினால் அதற்கு ஆள் அடையாளம் கிடைக்கும். பேசும் குரல் மனிதன் என்று உறுதிப்படுத்துவதால் பல நாய்கள் அங்கேயே தணிந்துவிடும்.

மோட்டார் சைக்கிளைத் துரத்துவது வேறு கணக்கு. அங்கே வேலை செய்வது பயத்தைவிட வேட்டைத் தொடர்: உற்றுப்பார், பதுங்கு, துரத்து, பிடி. அசைவுதான் அதை முடுக்குகிறது. வேகம் கூட்டினால் துரத்தலும் கூடும். நாயை நெருங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, ஒரே சீராகப் போங்கள். காலைத் தூக்கி உதைக்க முயன்றால் பல்லுக்கு எட்டும் இலக்கைக் கொடுப்பதோடு வண்டியும் சாயும். சைக்கிளென்றால் இறங்கி, வண்டியை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடப்பது நல்லது.

கல் எடுப்பதுபோல் குனிந்தால் தெரு நாய்கள் பல ஓடிவிடும் என்பது உண்மைதான். ஆனால் மாட்டிக்கொண்ட நாய்க்கும் குட்டி போட்ட நாய்க்கும் அது தாக்குதல் அறிவிப்பு, உங்கள் முகமும் அதன் வாய்க்கு நேரே இறங்கிவிடுகிறது. அதைவிடப் பை, கூடை, மடக்கிய குடை எதையாவது முன்னால் பிடிப்பது மேல். நாய் பாய்ந்தாலும் கவ்வ அது இருக்கும்.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது இரண்டு நிலை. நாய் ஓடி வந்தால் மரம்போல் நில்: கையைக் கட்டிக்கொண்டு, காலடியைப் பார்த்து, அசையாமல். கீழே விழுந்துவிட்டால் உருண்டையாகச் சுருள்: முழங்கால் மடக்கி, முகம் தரைக்கு, விரல்களைப் பிடரியில் கோத்து, முன்கைகளால் காதை மூடிக்கொள். பிள்ளைகள் கடிபடுவது முகத்திலும் கழுத்திலும் அதிகம், ஏனெனில் நாயின் வாய் மட்டத்தில் அவர்கள் முகம் இருக்கிறது. பெரும்பாலும் கடிப்பது பழகிய நாய்தான். ஆகவே கட்டிப்பிடிக்காதே, தூங்கும் நாயைத் தொடாதே, தின்னும் நாயை நெருங்காதே என்பவற்றை வீட்டு நாய்க்கும் சேர்த்தே சொல்லுங்கள். தடவுவதென்றால் நாய் தானாக வரட்டும். தலைக்கு மேல் கை கொண்டுபோகாமல் மார்பை மூன்று நொடி தடவிக் கையை எடுங்கள். அது நெருங்கிச் சாய்ந்தால் தொடரலாம். திரும்பினாலோ உதடு நக்கினாலோ போதும் என்று அர்த்தம்.

தீபாவளிப் பட்டாசு நாட்களில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு பதற்றம் தணியும் முன் அடுத்தது சேர்ந்துகொண்டே போவதால், வழக்கமாகச் சாதுவான நாயும் அந்த இரவில் சின்னத் தொடுதலுக்குக் கடிக்கக்கூடும்.

நாய் கவ்விவிட்டால் கையைப் பிடுங்கி இழுக்காதீர்கள். இழுப்பதில்தான் தசை கிழிகிறது. விட்டதும் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். வெறிநாய் நோய்க் கிருமியின் மேலுறை கொழுப்பாலானது, சோப்பு அதைச் சிதைக்கும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். காயம் சிறிதானாலும் கிளினிக்கிற்குப் போங்கள். கோரைப்பல் ஊசிபோல் ஆழமாக இறங்கி மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்வதால், உள்ளே பாக்டீரியா தங்கிவிடும். கைவிரல் மூட்டுகளில் இது மோசமாகலாம். ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசி வேண்டுமா என்பதையும் அங்கே முடிவு செய்வார்கள்.

வெறிநாய் நோய் மலேசியாவுக்கு அந்நியமானதல்ல. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு நாய்களிடம் காணப்பட்டது. சரவாக்கில் 2017 முதல் மனித உயிர்களையும் பறித்துவருகிறது. அந்த நோய் பீடித்த நாய்க்கு மேலே சொன்ன படிகள் எதுவும் பொருந்தாது. நோய் மூளையைத் தாக்குவதால் காரணமில்லாமல் எதிர்ப்படுவதையெல்லாம் கடிக்கலாம். அல்லது தள்ளாடி, எச்சில் ஒழுகி, தாடை தொங்கிக் கிடக்கலாம். குரல் மாறியிருக்கும், விழுங்க முடியாது. தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கிறது என்று இரக்கப்பட்டு வாயில் கை விடுவது பேராபத்து. அறிகுறி வந்தபின் மனிதருக்கு ஏறத்தாழ மரணம் உறுதி, அதற்கு முன் போடும் தடுப்பூசி காப்பாற்றும். ஆகவே மருத்துவர் சொல்லும் தவணை ஒன்றையும் தவறவிடக் கூடாது. கடித்த நாயை அடித்துக் கொல்லவும் வேண்டாம். கால்நடை சேவைத்துறைக்குத் தெரிவித்து, பத்து நாள் கண்காணிப்பில் வைத்தால், அந்த நாள்களைக் கடந்தும் நாய் நலமாக இருப்பின் கடித்த வேளையில் அதன் எச்சிலில் கிருமி இருக்கவில்லை என்று மருத்துவர் முடிவுக்கு வர முடியும்.