வீட்டுச் சேர்வருக்கு எந்தப் பதிப்பு?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் ஒரு மாணவர், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மேசைக் கணினியை, மற்றக் கணினிகளுக்குச் சேவை வழங்கும் சேர்வராக்கி, விரிவுரைக் குறிப்புகளைச் சேமிக்கவும் செய்திட்டத்துக்கான வலைத்தளத்தை ஓடவிடவும் விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஹோம், புரோ, ஸ்டாண்டர்ட், டேட்டாசென்டர், டெஸ்க்டொப், சேர்வர் என்று பணிசெயல் முறைமைகளின் பதிப்புகள் வரிசையாக நிற்கின்றன. ஒரே குடும்பத்துப் பதிப்புகளின் அடியில் இருப்பது பெரும்பாலும் ஒரே கேர்னல் (வன்பொருளையும் மென்பொருளையும் இணைக்கும் மையப் பகுதி). எந்த வசதி பூட்டப்பட்டிருக்கிறது, எந்த மென்பொருள் முன்கூட்டியே நிறுவப்படுகிறது, பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை ஆண்டு வரும் என்பவற்றிலேயே அவை வேறுபடுகின்றன.

பூட்டு என்பதை விண்டோஸில் தெளிவாகக் காணலாம். விண்டோஸ் 11 ஹோம் நிறுவிய கணினியில் புரோவுக்கான திறவுகோலை உள்ளிட்டால், மீள நிறுவாமலேயே அது புரோவாகி, வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டொப் மூலம் நுழையும் வசதியும், ஒரு கணினிக்குள் மென்பொருளாலான மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ஹைப்பர்-வீயும் திறந்துகொள்ளும். விண்டோஸ் சேர்வர் 2022 இல் ஸ்டாண்டர்ட் உரிமம் இரண்டு மெய்நிகர் கணினிகளை அனுமதிக்க, டேட்டாசென்டர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் செயலியில் நான்கு கோர் (கணிப்பு அலகு) உள்ள வீட்டுக் கணினிக்கும் 16 கோருக்கான உரிமம் வாங்கியாக வேண்டும். 180 நாள் மதிப்பீட்டுப் பதிப்பு இலவசந்தான். காலம் முடிந்த பின்னர் அது மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தானே அணைந்துவிடும் என்பதால், சேர்வர் என்ற பேருக்கே அது பொருந்தாது.

உபுண்டு, டெபியன் போன்ற இலவச லினக்ஸ் முறைமைகளில் அப்படிப் பூட்டு எதுவும் இல்லை. உபுண்டு டெஸ்க்டொப்பும் உபுண்டு சேர்வரும் ஒரே இணையக் களஞ்சியத்திலிருந்தே மென்பொருள்களை எடுக்கின்றன. சேர்வரில் வரைகலைத் திரை நிறுவப்படுவதில்லை, அவ்வளவுதான். டெபியன் தனது நிறுவல் கையேட்டில் திரையில்லாத நிறுவலுக்கு 512 மெகாபைட் நினைவகத்தையும், திரையுடனான நிறுவலுக்கு 2 கிகாபைட்டையும் பரிந்துரைக்கிறது. பழைய கணினிக்கு இந்த இடைவெளி பெரியது.

உண்மையில் கூடுதலாக யோசிக்க வேண்டியது ஆண்டுக்கணக்கைத்தான். உபுண்டு 24.04 போன்ற நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்து ஆண்டுகள் திருத்தங்கள் வரும், 24.10 போன்ற இடைப்பதிப்புக்கு ஒன்பது மாதங்களே. நிலையான பதிப்பில் பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டால், பராமரிப்பாளர்கள் பெரும்பாலும் புதிய மென்பொருளை அப்படியே தருவதில்லை. குறையை நீக்கும் சில வரிகளை மட்டும் எடுத்துப் பழைய மென்பொருளில் பொருத்துகிறார்கள். ஆகவே மாணவர் எழுதிய அமைப்புக் கோப்பு, பரீட்சைக் காலத்தில் திடீரெனச் செல்லுபடியாகாமற் போவது அரிது. மிகப் பழைய 32 பிட் செயலியுள்ள கணினி வைத்திருப்பவர் மட்டும் கவனிக்க வேண்டும்: 2025 இல் வெளியான டெபியன் 13 ஐ அதில் புதிதாக நிறுவ முடியாது. மற்றவர்களுக்கு டெபியனோ நீண்டகால உபுண்டுவோ போதும் என்பேன்.

மாரி மழையோடு மின்சாரம் நின்றுபோகும் ஊரில், சேர்வர் பதிப்பு மின்வெட்டைத் தாங்கும் என்ற எண்ணம் சிலருக்கு உண்டு. தாங்குவது, வன்றட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமை; அது எல்லாப் பதிப்புக்கும் பொது. புதிய கோப்பொன்றை எழுதும்போது கோப்புறைப் பட்டியல், கோப்பின் விவரப் பதிவு, வன்றட்டில் எந்த இடம் நிரம்பியது என்ற வரைபடம் ஆகிய மூன்றும் மாற வேண்டும். ஒன்று மாறி மற்றது மாறுமுன் மின்சாரம் போனால் அவை ஒன்றோடொன்று முரண்படும். அதனால் லினக்ஸில் பரவலான ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, செய்யப்போகும் மாற்றங்களை முதலில் ஒரு குறிப்பேட்டுப் பகுதியில் எழுதி, இறுதியில் நிறைவு முத்திரை இடுகிறது. கணினி மீண்டும் எழும்போது முத்திரை உள்ளவற்றைத் திரும்பச் செயற்படுத்தி, முத்திரை இல்லாதவற்றைக் கைவிடுகிறது. விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸும் தனக்கென ஒரு பதிவேட்டை வைத்திருக்கிறது. கட்டமைப்பு இவ்வாறு தப்பினாலும், நினைவகத்தில் இருந்து இன்னும் வன்றட்டுக்குப் போகாத தரவு போனது போனதுதான். அதற்கு, மின்சாரம் போனதும் சிறிது நேரம் மின் வழங்கும் சிறிய யூ.பி.எஸ் ஒன்றும் வேறிடத்தில் ஒரு பிரதியும் வேண்டும்.

நிறுவத் தொடங்குமுன், கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயோஸின் அமைப்பில், மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக இயங்கும் தெரிவைப் போட்டுவிடுங்கள். வழக்கமாக அது அணைந்த நிலையிலேயே இருக்கும்.