கட்டுப் போட்டாயிற்று, மூச்சு மட்டும் வரவில்லை

பைக்கிலிருந்து விழுந்து முன்கை எலும்பு முறிந்த ஓர் இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். எலும்பை இழுத்து நேராக்கி மாவுக்கட்டு போட வேண்டும். பத்து நிமிட வேலை. விழுவதற்குக் கொஞ்சம் முன்புதான் வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறார். மயக்கத்தில் அந்தச் சாப்பாடு மேலேறி நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆபத்து. அதனால் அனஸ்தீசியா டாக்டர் மயக்க மருந்தைக் கொடுத்த கையோடு தசைகளைத் தளர்த்தும் ஊசியையும் போட்டு, ஒரு நிமிடத்துக்குள் மூச்சுக்குழாயில் ட்யூபைச் செலுத்திவிடுகிறார். எலும்பு சேர்ந்தது, கட்டும் போட்டாயிற்று. மயக்க வாயுவை நிறுத்துகிறார்கள். இந்நேரம் நோயாளி தானாக மூச்சுவிட ஆரம்பித்திருக்க வேண்டும். கால் மணி நேரம் ஆகிறது, அரை மணி நேரம் ஆகிறது. நெஞ்சு அசையவில்லை, கண் இமைகூட அசையவில்லை. ஆனால் இதயத் துடிப்பு கூடுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, கண்ணோரம் நீர் வழிகிறது.

அந்தக் கண்ணீரைக் கவனிக்கிற டாக்டர் உடனே மயக்க மருந்தைத் திரும்பக் கொடுத்துவிடுவார். ஏனென்றால் அதற்கு அர்த்தம், மயக்கம் தெளிந்துவிட்டது, உடல் மட்டும் கட்டுண்டு கிடக்கிறது என்பதுதான். சுற்றி நிற்பவர்கள் பேசுவது அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம். விரலை அசைத்துச் சொல்லத்தான் முடியாது.

நம் ஊர் ஆபரேஷன் தியேட்டர்களில் இதை ஸ்கோலின் ஆப்னியா என்பார்கள். சக்சமெத்தோனியம், அல்லது சக்சினைல்கோலின், என்ற தசைத் தளர்த்தி மருந்துக்கு இங்கே வழங்கும் பெயர் ஸ்கோலின். ஆப்னியா என்றால் மூச்சு நின்றிருப்பது. எப்போதாவதுதான் நடக்கும். நடக்கும்போது தவறு மருந்திலும் இல்லை, மருத்துவரிடமும் இல்லை. நோயாளியின் ரத்தத்தில் ஒரே ஒரு நொதி குறைகிறது. அது குறைவது பிறந்ததிலிருந்து அவருக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது.

இந்த மருந்து வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால்தான் மற்றது புரியும். மூளையிலிருந்து வரும் கட்டளை நரம்பின் நுனிக்கு வந்ததும், அங்கிருந்து அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்து எதிரே உள்ள தசையைத் தொடுகிறது. தசை சுருங்குகிறது. தொட்டவுடனே அந்த அசிடைல்கோலினை அங்கேயே இருக்கும் ஒரு நொதி வெட்டிப் போட்டுவிடும். இது ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் நடந்து முடிகிற காரியம். வெட்டினால்தான் தசை அடுத்த கட்டளைக்குத் தயாராகும்.

ஸ்கோலின் மூலக்கூறு என்பது இரண்டு அசிடைல்கோலின்களைப் பின்னிப் பிணைத்தது போன்ற அமைப்பு. தசை அதை அசிடைல்கோலின் என்றே நம்பி ஏற்றுக்கொள்கிறது. ஊசி போட்ட சில நொடிகளில் முகத்திலும் தோளிலும் தசைகள் சின்னச் சின்னதாகத் துடிப்பது வெளியே தெரியும். ஆனால் அங்கே காவலிருக்கும் நொதிக்கு இந்த இரட்டை மூலக்கூறை வெட்டத் தெரியாது. தசை விடுபட முடியாமல் அதே நிலையில் சிக்கிக்கொள்கிறது, அடுத்த கட்டளை எதுவும் உள்ளே ஏறாது. அப்படியே துவண்டுவிடுகிறது. மூச்சு இழுக்கும் உதரவிதானமும் தசைதானே, அதற்கும் இதே கதி.

அப்புறம் எப்படி ஐந்து, பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் சரியாகிறது? ரத்தத்தில் வேறொரு நொதி இருக்கிறது. கல்லீரல் செய்து ரத்தத்துக்குள் அனுப்பும் பியூட்டிரைல்கோலின்எஸ்டரேஸ். ஆஸ்பத்திரி வழக்கில் சூடோகோலின்எஸ்டரேஸ். இது ஸ்கோலினைக் கண்ட இடத்திலேயே வெட்டித் தள்ளும். கையில் போட்ட ஊசி மருந்து ரத்தத்தில் பயணம் செய்து தசைக்குப் போய்ச் சேருவதற்குள், பத்தில் ஒன்பது பங்கைத் தீர்த்துக்கட்டிவிடும். டாக்டர் கொடுக்கும் அளவு இந்த விரயத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட அளவு. நொதி இல்லாதவருக்கு அந்தப் பத்துப் பங்கும் முழுசாகத் தசையில் போய் இறங்குகிறது. இறங்கியதைத் திரும்ப வெளியே இழுக்கவும் ஆளில்லை. பத்து நிமிடத் தளர்ச்சி சிலருக்கு இரண்டு மணி நேரமாகவும், நொதி அறவே இல்லாதவருக்கு நான்கைந்து மணி நேரத்துக்கு மேலாகவும் நீள்வது இதனால்தான்.

இந்த நொதி இல்லாமல் எத்தனை வருடம் வேண்டுமானாலும் ஆரோக்கியமாக வாழலாம் என்பது என்னை இன்றும் வியக்க வைக்கும் விஷயம். உடலில் அதன் இயல்பான வேலை என்ன என்பது அறிவியலுக்கே இன்னும் தெளிவாகப் பிடிபடவில்லை. ஓடலாம், உழைக்கலாம், பிள்ளை பெறலாம், எண்பது வயது வரை ஒரு குறையும் தெரியாது. ஒரு குறிப்பிட்ட ஊசி போட்டால் மட்டும்தான் குறை வெளியே வரும்.

ஸ்கோலினின் சரித்திரத்திலும் இதே போன்ற ஒரு மறைப்பு உண்டு. 1906-இல் அமெரிக்காவில் ரீட் ஹன்ட்டும் ரெனே டாவோவும் இந்தப் பொருளை விலங்குகளில் சோதித்துப் பார்த்தார்கள். ரத்த அழுத்தத்தில் என்ன மாற்றம் வருகிறது என்பதே அவர்கள் கேள்வி. விலங்குகள் அசையாமல் இருக்க முன்கூட்டியே கியூராரே என்ற தசை முடக்கி விஷத்தைக் கொடுத்திருந்தார்கள். ஏற்கெனவே முடங்கிக் கிடக்கும் விலங்கில், புது மருந்தும் தசையை முடக்குகிறது என்று எப்படித் தெரியும்? அந்தக் குணம் தெரியாமலே நாற்பது வருடங்களுக்கு மேல் போனது. 1949-இல் டேனியல் போவேயின் குழு அதைக் கண்டுபிடித்தது. 1951 வாக்கில் ஐரோப்பிய அறுவை அரங்குகளில் புழக்கத்துக்கு வந்தது. அடுத்த வருடமே, சிலருக்கு மூச்சு திரும்ப நேரமாகிறது, அவர்கள் ரத்தத்தில் நொதியும் குறைவாக இருக்கிறது என்ற செய்திகள் மருத்துவ இதழ்களில் வர ஆரம்பித்தன.

அளவு குறைவுதான் காரணமா, அல்லது நொதியே வேறு மாதிரியானதா? இந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் ஜெர்மனியில் பிறந்து கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வெர்னர் காலோ. 1957-இல் அவரும் ஜெனெஸ்ட் என்பவரும் ஓர் எளிய சோதனையை உருவாக்கினார்கள். டைபுகெய்ன் என்பது உடலில் ஓரிடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கும் மருந்து. ரத்தத்திலுள்ள நொதியோடு அதைக் கலந்தால், சாதாரண நொதியின் வேலை 80 சதவீதம் முடங்குகிறது. பழுதுபட்ட நொதியோ சுமார் 20 சதவீதம்தான் முடங்குகிறது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பழுதான மரபணுவைப் பெற்றவருக்கு 60 வாக்கில் வரும். 80, 60, 20 என்று மூன்றே எண்களில் ஒரு குடும்பத்தின் பரம்பரைக் கதை வந்துவிடுகிறது. ஒரே மருந்து ஆளுக்கு ஆள் வேறு மாதிரி வேலை செய்வதற்கு மரபணு காரணமாகலாம் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டியவை அந்தக் காலத்தில் மிகச் சில. மருந்து மரபியல் என்று இன்று தனித் துறையே இருக்கிறது. அதன் முதல் செங்கற்களில் இது ஒன்று.

ஐரோப்பிய வம்சாவளியினரில் காலோ பார்த்த வகைப் பழுது இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர்வது சுமார் 3,000 பேரில் ஒருவருக்கு. நொதி அறவே வேலை செய்யாத வகை ஒரு லட்சத்தில் ஒருவருக்கு.

இங்கேதான் கோயம்புத்தூர் வருகிறது. பாரதியார் பல்கலைக்கழகத்தில் பூபதி, மனோகரன் ஆகியோர், அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் இந்த நொதியையே ஆராய்ந்துவந்த ஒக்ஸானா லாக்ரிட்ஜோடு சேர்ந்து, கோவையில் வாழும் ஆரிய வைசிய சமூகத்தினரைப் பரிசோதித்தார்கள். நொதி வேலையே செய்யாதவர்கள் சுமார் 24 பேரில் ஒருவர் இருந்தார்கள். லட்சத்தில் ஒன்று என்பது இருபத்து நான்கில் ஒன்று ஆகிவிட்டது, ஏறத்தாழ 4,000 மடங்கு. அப்படியானால் அந்தச் சமூகத்தில் மூன்றில் ஒருவர் பழுதான மரபணுவின் ஒரு பிரதியையாவது சுமக்கிறார் என்று கணக்கு வருகிறது. நொதியின் புரதச் சங்கிலியில் 307-ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும், அவர்களுக்குப் புரோலின் இருந்தது என்பதை 2006-இல் வெளியிட்டார்கள். நொதி இல்லாதவர்களின் பொதுவான உடல்நலத்தையும் தனியாக ஆராய்ந்தார்கள். குறை ஒன்றுமில்லை.

ஏன் ஒரு சமூகத்தில் மட்டும் இவ்வளவு? இதை யாருடைய குற்றமாகவும் குறையாகவும் படிக்கக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். எந்த மனிதக் கூட்டத்திலும் சில பழுதான மரபணுக்கள் உண்டு. ஏதோ ஒரு காலத்தில் சிறிய எண்ணிக்கையிலான குடும்பங்களிலிருந்து ஒரு சமூகம் தொடங்கி, பிறகு தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்தால், அந்த மூதாதையரில் யாரோ ஒருவரிடம் இருந்த மரபணு பெருகிப் பரவிவிடும். நெருங்கிய சொந்தத்தில் கட்டியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வைசியருக்கு இந்தத் தொடக்கம் சுமார் 100 தலைமுறைக்கு முன்பு என்று மரபணு ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. ஹைதராபாத் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் பங்கேற்ற 2017 ஆய்வு, தெற்காசியாவின் 263 சமூகங்களைப் பார்த்தது. அவற்றில் 81 சமூகங்களில் இந்த விளைவு பலமாகத் தெரிந்தது. ஆகவே நம்மில் பலருடைய சமூகத்துக்கும் இப்படி ஏதாவது ஒன்று உண்டு. வைசியருடையது கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, அவ்வளவுதான். கண்டுபிடித்ததால் அவர்களுக்கு லாபம்தான்.

பிறவியிலேயே இல்லாமல், இடையில் குறைவதும் உண்டு. கல்லீரல் நோய், கடும் சத்துக்குறைவு, கர்ப்பகாலம் ஆகியவற்றில் இந்த நொதி இறங்கும், ஆனால் பெரும்பாலும் தளர்ச்சி சில நிமிடங்களே நீளும். பூச்சிமருந்து கதை வேறு. ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள் இந்த நொதியையும் நரம்பு முனையிலுள்ள நொதியையும் சேர்த்தே முடக்குகின்றன. நம் அரசு மருத்துவமனைகளில் பூச்சிமருந்து குடித்து வருபவர்களுக்குக் கோலின்எஸ்டரேஸ் அளவு பார்ப்பதை அந்த வார்டில் இருந்த எவரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஸ்கோலின் விவகாரத்தில் பார்ப்பதும் அதே சோதனைதான்.

சரி, மேசையில் மூச்சில்லாமல் கிடக்கும் இளைஞருக்கு என்ன செய்வது? வென்டிலேட்டரை எடுக்காமல் இருப்பதுதான் சிகிச்சையின் முக்கால் பங்கு. மயக்கத்தைத் தொடர்ந்து கொடுக்க வேண்டும், அவர் விழித்தபடி முடங்கிக் கிடக்கக் கூடாது. மணிக்கட்டில் நரம்பைச் சிறு மின்துடிப்பால் தூண்டிக் கட்டைவிரல் அசைகிறதா என்று பார்ப்பார்கள். அசைவே இல்லையென்றால் தளர்ச்சி இன்னும் முழுசாக இருக்கிறது. ரத்தத்தை நொதிச் சோதனைக்கு அனுப்பிவிட்டு ஐசியூவுக்கு மாற்றிக் காத்திருப்பார்கள். வேறு தசைத் தளர்த்திகளை முறிக்கக் கொடுக்கும் நியோஸ்டிக்மின் இங்கே உதவாது. அது மிச்சமிருக்கும் நொதியையும் முடக்கி நிலைமையைச் சிக்கலாக்கலாம். பிறர் தானம் கொடுத்த பிளாஸ்மாவில் இந்த நொதி இருக்கிறது, ஏற்றினால் சீக்கிரம் தெளியும். ஆனால் காத்திருந்தாலே சரியாகும் ஒன்றுக்குப் பிளாஸ்மாவோடு வரக்கூடிய ஒவ்வாமையையும் தொற்றையும் விலை கொடுத்து வாங்குவானேன் என்பது பெரும்பாலான மருத்துவர்களின் முடிவு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. மூலக்கூறுகள் மெல்ல மெல்லத் தசையிலிருந்து விலகிக் கரையும். சில மணி நேரத்தில் கட்டைவிரல் லேசாகத் துடிக்கும். பிறகு மூச்சு.

வீட்டுக்குப் போகும்போது அவர் கையில் ஒரு கடிதம் இருக்க வேண்டும். "அனஸ்தீசியா ஒத்துக்கொள்ளாது" என்று எழுதினால் போதாது, அது தப்பும்கூட. அப்படி எழுதினால் தேவையான அறுவை சிகிச்சைக்கே பயந்து ஓடுவார்கள். ஒத்துக்கொள்ளாதது சக்சமெத்தோனியமும், அதே நொதியால் கரையும் இன்னொரு தசைத் தளர்த்தியான மிவாக்கூரியமும்தான். மயக்க வாயு பிரச்சினையில்லை. முதுகில் போடும் ஊசியும், பல் டாக்டர் போடும் லிக்னோகெய்னும் பிரச்சினையில்லை. அவசரமாக ட்யூப் போட ரோக்குரோனியம் என்ற வேறு தசைத் தளர்த்தி இருக்கிறது, அதை முறிக்க சுகமாடெக்ஸ் இருக்கிறது. இத்தனையும் மருந்துகளின் பெயரோடு அந்தக் கடிதத்தில் வர வேண்டும்.

அவருடைய அண்ணன், தங்கை ஒவ்வொருவருக்கும் இதே நிலை இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. ஆபரேஷனுக்கு முன் ஃபிட்னஸ் பார்க்கும்போது "வீட்டில் யாருக்காவது மயக்க மருந்து கொடுத்ததில் சிக்கல் வந்திருக்கிறதா?" என்று டாக்டர் கேட்பார். "சித்தப்பாவுக்குக் குடல் ஆபரேஷன்ல ஏழெட்டு மணி நேரம் மிஷின்லயே வெச்சிருந்தாங்க" என்ற ஒரு வரி, அவர் ஊசியை மாற்றிப் போடப் போதும்.