டிவிக்குப் புது விதி வரும்போது என்ன எழுதிப் போடுவது?

டிவிக்கான புது விதியின் வரைவை வெளியிட்டு அரசு மக்களிடம் கருத்துக் கேட்கும்போது என்ன எழுதி அனுப்பலாம் என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நான் ஒரு தமிழ்ச் சேனலில், நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் முன் எதை வெட்டுவது, எதை மியூட் செய்வது, எங்கே ப்ளர் போடுவது என்று பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். "இதுக்கெல்லாம் டெல்லியில இருந்து உத்தரவு வருமா சார்?" என்று பலரும் கேட்பார்கள். பெரும்பாலும் வராது. வந்துவிடுமோ என்ற பயத்தில் நாங்களே வெட்டிவிடுகிறோம்.

அந்தப் பயம் 1994-ஆம் ஆண்டு கேபிள் டிவி விதிகளின் 6-ஆவது விதியிலிருந்து வருகிறது. நல்ல ரசனைக்கும் கண்ணியத்துக்கும் ஒவ்வாத எதையும் காட்டக்கூடாது என்கிறது அது. யாருடைய ரசனை என்பதற்கு அதில் விடை கிடையாது. குழந்தைகள் அதிகம் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்குப் பொருந்தாததைக் காட்டக்கூடாது என்றும் அதே விதி சொல்கிறது, ஆனால் மணி குறிப்பிடவில்லை. 2011-இல் பொழுதுபோக்குச் சேனல்கள் தாங்களே அமைத்துக்கொண்ட புகார் கவுன்சில்தான் மணி குறித்தது: பெரியவர்களுக்கான நிகழ்ச்சி என்றால் இரவு 11 முதல் காலை 5 வரை.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரவு 11 மணி ஸ்லாட்டுக்கு எந்த விளம்பரதாரர் காசு கொடுப்பார்? அதனால் அந்த நிகழ்ச்சி நேரம் மாறுவதில்லை, எடுக்கப்படாமலே போகிறது. குடும்ப வன்முறையையோ பாலியல் கல்வியையோ வெளிப்படையாகப் பேசும் கதைகள்தான் முதலில் அடிபடும். மருமகளை எட்டு மணி சீரியலில் மாதக்கணக்கில் கொடுமைப்படுத்தலாம், அதற்கு எந்தத் தடையும் இல்லை!

கடிகாரத்தை வைத்து விதி போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 டிசம்பர் நல்ல உதாரணம். ஆணுறை விளம்பரங்களைக் காலை 6 முதல் இரவு 10 வரை காட்ட வேண்டாம் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சேனல்களுக்கு அறிவுறுத்தியது. குடும்பக் கட்டுப்பாட்டையும் எய்ட்ஸ் தடுப்பையும் அரசே பல ஆண்டுகளாக விளம்பரம் செய்துவந்த நாடு இது. எதிர்ப்பு எழுந்தது, ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது. பாதுகாப்பான உறவு பற்றித் தகவல் சொல்லும் விளம்பரங்களுக்கு, பெண்களைப் போகப்பொருளாகக் காட்டாதவரை, தடை பொருந்தாது என்று அதே மாதத்தில் அமைச்சகம் விளக்கம் கொடுத்தது.

அடுத்தது இன்னும் பெரியது. 2023 நவம்பர் 10 அன்று ஒலிபரப்புச் சேவைகள் ஒழுங்குமுறை மசோதாவின் வரைவு வெளியானது. ஒவ்வொரு நிறுவனமும் உள்ளுக்குள் ஒரு மதிப்பீட்டுக் குழு அமைக்க வேண்டும், அந்தக் குழு சான்று கொடுத்ததைத்தான் ஒளிபரப்பலாம் என்றது. 2024-இல் திருத்திய வரைவு சிலருக்கு மட்டும் தனியாகக் கொடுக்கப்பட்டது. யூடியூபில் நடப்பு விவகாரம் பேசுபவர்களையும் அது தன் வரம்புக்குள் இழுக்கிறது என்ற செய்தி கசிந்ததும் டிஜிட்டல் ஊடக அமைப்புகளும், இணைய உரிமைகளுக்காகப் பேசும் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷனும் குரல் எழுப்பின. சேனல் விஷயம் என்று ஒதுங்கியிருந்த யூடியூபர்கள் அப்போதுதான் முழித்துக்கொண்டு வீடியோ போட்டார்கள். ஆகஸ்டில் அமைச்சகம் பின்வாங்கியது: கருத்து சொல்ல அக்டோபர் 15 வரை அவகாசம், விரிவான ஆலோசனைக்குப் பிறகு புது வரைவு என்று அறிவித்தது.

இப்படி ஒரு வரைவு மறுபடி வந்தால் "கருத்துச் சுதந்திரத்தைப் பறிக்காதே" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். அதைப் படிப்பவர் 'எதிர்ப்பு' என்ற கணக்கில் ஒன்று கூட்டிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். எந்தப் பிரிவு, அதில் எந்தச் சொல் தெளிவில்லாமல் இருக்கிறது, அதனால் எந்த மாதிரி நிகழ்ச்சி நிற்கும், பதிலுக்கு எப்படி எழுதலாம் என்று சொல்லுங்கள். நீங்கள் ஆசிரியர் என்றால் வகுப்பிலிருந்து உதாரணம் கொடுங்கள், மருத்துவர் என்றால் கிளினிக்கிலிருந்து. வாட்ஸ்அப்பில் வந்த கடிதத்தை அப்படியே ஆயிரம் பேர் அனுப்பினால் அது ஒரே கடிதமாகத்தான் படிக்கப்படும். கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள், தவறவிட்டால் அப்புறம் நீதிமன்றம்தான் வழி.

குழந்தைகளை மறந்துவிட்டு எதிர்த்தாலும் எடுபடாது. பெற்றோரின் கவலை நிஜமானது. ஆனால் பிள்ளைகள் இப்போது கைபேசியில், எந்த நேரத்திலும், எதையும் பார்க்கிறார்கள். 2021-இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் ஓடிடிக்கு மணி குறிக்கவில்லை. யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வயது வாரியாக முத்திரையும், பெற்றோர் பூட்டும் கேட்டன. பெரும்பாலான செட்டாப் பாக்ஸிலும் அந்தப் பூட்டு இருக்கிறது, வீட்டில் யாரும் அதைப் போடுவதில்லை. டிவிக்கும் தெளிவான வயது முத்திரை, பூட்டு, விரைவான புகார் வழி போதும் என்று எழுதலாம்.

புகார் வழி ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021-இல் திருத்திய கேபிள் விதிகளின்படி, நீங்கள் எழுதிய புகாருக்குச் சேனல் 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் சேனல்கள் சேர்ந்து தாங்களே அமைத்துக்கொண்ட சுய ஒழுங்குமுறை அமைப்புக்குப் போகலாம், அதற்கும் மேலே மத்திய அரசு. வெட்டச் சொல்லி எழுதுபவர்கள் இந்த வழியை நன்றாகவே பயன்படுத்துகிறார்கள். ஒரு நல்ல நிகழ்ச்சியை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டு எங்கள் மேசைக்குக் கடிதம் வருவது அபூர்வம். வந்தால், அடுத்த முறை ஆசிரியர் குழுவோடு வாதாட எனக்குக் கையில் ஒரு காகிதம் இருக்கும்.